‘கத்ர்’ என்று சொல்லிக் கைவிடும் நட்டஈடு: பதுளையின் மோட்டார் சைக்கிள் விபத்துகளும் நாம் அறியாத உரிமைகளும்

பஸ் ஒன்று பள்ளத்தில் விழும் நாட்களில்தான் பதுளை மாவட்டத்தின் பாதைகளைப் பற்றி நாடு பேசுகிறது. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாதையில் சரிந்து கிடந்த பாறை உரிய நேரத்தில் அகற்றப்படாதது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய பாதையில் தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிச் சென்ற பஸ் விழுந்ததில் 15 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு முறையும் அமைச்சர்கள் வந்தார்கள், விசாரணைகள் அறிவிக்கப்பட்டன, நிவாரணம் பற்றிய பேச்சு எழுந்தது.

மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் ஹாலிஎலையிலோ வெலிமடையிலோ லொறியில் மோதி இறந்தால் யாரும் வருவதில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெருந்தொகையினர். அந்த மரணங்கள் ஒவ்வொன்றாக, தனித்தனி வீடுகளில் நிகழ்கின்றன. ஜனாஸா அறிவித்தலாக நமது கைபேசிக்கு வந்து, “இன்னா லில்லாஹி” சொல்லி முடித்ததும் நம் நினைவிலிருந்து நீங்கிவிடுகின்றன. அந்த வீட்டில் அதன் பிறகு என்ன நடக்கிறது, சட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு என்ன சேர வேண்டும், அது ஏன் சேராமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நான் சட்டத்தரணி அல்ல, ஆசிரியர். தந்தையை வீதியில் இழந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு வருகிறார்கள். முதல் மாதம் எல்லோரும் உதவுவார்கள். ஆறாவது மாதம் கொப்பி வாங்கப் பணம் இருக்காது. சாதாரண தரம் எழுதும் முன்பே மூத்தவன் கடையொன்றில் வேலைக்குப் போய்விடுவான். அப்படிப்பட்ட வீடுகளில் “நட்டஈட்டுக்கு வழக்குப் போட்டீர்களா?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அது அல்லாஹ்வுடைய கத்ர். அவங்களும் ஏதோ கொஞ்சம் தந்தாங்க. பேசி முடிச்சாச்சு.”

பேசி முடித்த தொகை எவ்வளவு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024இல் பெருந்தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மாதம் 25 நாள் வேலை என்றால் 33,750 ரூபா. வருடத்துக்கு 405,000 ரூபா. முப்பத்தைந்து வயதில் இறந்த ஒருவர் இன்னும் பத்து வருடம் மட்டுமே உழைத்திருப்பார் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 40 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அவருடைய சொந்தச் செலவையும் வேறு காரணங்களையும் நீதிமன்றம் இதிலிருந்து கழிக்கும். கழித்த பின்னரும் மிஞ்சுவது ஒரு குடும்பம் தலை தூக்கக்கூடிய தொகை. “பேசி முடிக்கும்” இடத்தில் ஒரு இலட்சம் கைமாறினால் அது மூன்று மாதச் சம்பளம். அதற்காக ஒரு கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்தக் கடிதம் சொல்கிறது. எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக்கூட கவனிக்காமல் கையெழுத்திட்டோர் நம்மிடையே உண்டு.

சட்டம் தருவது என்ன?

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து நட்டஈட்டுக்கென்றே தனியான தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு அங்கே 2022 ஏப்ரல் முதல் 2 இலட்சம் இந்திய ரூபாவும் பாரிய காயத்துக்கு 50,000 ரூபாவும் வழங்கப்படுகிறது. இலங்கையில் அத்தகைய தீர்ப்பாயம் இல்லை. நமது நாட்டில் நட்டஈடு கேட்பவர் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடர வேண்டும். மற்றவரின் கவனயீனத்தால்தான் விபத்து நேர்ந்தது என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே.

காயமடைந்தவர் வைத்தியச் செலவு, இழந்த வருமானம், எதிர்காலத்தில் இழக்கப்போகும் வருமானம், வலியும் வேதனையும் ஆகியவற்றுக்குக் கேட்கலாம். இறந்தவரின் குடும்பம், அவரை நம்பி வாழ்ந்ததால் இழந்த பராமரிப்புக்குக் கேட்கலாம்.

இதில் பலர் அறியாத மாற்றம் ஒன்று உண்டு. பிரியானி சொய்சா வழக்கில் 2001இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்காகப் பெற்றோர் நட்டஈடு கோர முடியாது என்று கூறியது. பணமாக அளக்கக்கூடிய இழப்பு மட்டுமே கணக்கில் வந்தது. உழைக்காத பிள்ளை, வீட்டில் இருந்த தாய் ஆகியோரின் மரணத்துக்குச் சட்டத்தில் பெறுமதி ஏறக்குறைய இல்லாமலே இருந்தது. அந்த நிலையை மாற்றவே 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மற்றவரின் தவறால் மரணம் நேர்ந்தால், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினர் அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்காகவும் இப்போது நட்டஈடு கேட்கலாம். பாடசாலை விட்டு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் மோதி இறந்த பிள்ளையின் பெற்றோருக்கு இது மிக முக்கியமானது.

யார் கட்டுவது?

“அவனும் ஏழை. அவனிடம் வழக்குப் போட்டு என்ன வரப்போகிறது?” என்பது அடுத்த கேள்வி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனமும் பாதையில் ஓடக் கூடாது. அந்தக் காப்புறுதி வாகனக்காரரின் வண்டியைத் திருத்துவதற்கானதல்ல. பாதையில் அவரால் பாதிக்கப்படும் மனிதருக்கானது. நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அந்தத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்குத் தொடருவதற்கு முன்னரோ, தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளோ, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் தீர்ப்பு கையில் இருந்தும் நிறுவனத்திடம் பணம் பெற முடியாது. ஆகவே விபத்து நடந்த அன்றே மற்ற வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி அட்டையிலுள்ள நிறுவனத்தின் பெயரையும் பத்திர இலக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோதியவர் நிற்காமல் போய்விட்டால்? வாகனம் அடையாளம் காணப்படாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையின் கீழ் ஒரு நிதி இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் செலுத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக் கட்டணத்தின் ஒரு பகுதிதான் அங்கே சேர்கிறது. பொலிஸ் அறிக்கையும் வைத்திய அறிக்கையும் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது.

மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து செல்பவர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் தரப்புப் பத்திரம் பின்னால் இருப்பவரையும் தானாகவே பாதுகாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மனைவி பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒருவருக்கு அந்த மேலதிகக் காப்புக்கான செலவு பெரிதல்ல.

வேலை நிமித்தம் விபத்துக்குள்ளானவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. அங்கே தொழில்தருநரின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். 2022இல் வந்த திருத்தம் ஆகக் கூடிய தொகையை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. பண்டாரவளைக் கடையொன்றில் வேலை செய்துவிட்டு இரவு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் இளைஞனுக்கும், தோட்டத்து ட்ரெக்டரில் ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். முதலாளியும் நம் ஊர்க்காரர் என்பதால் கேட்க வெட்கப்படுகிறோம். சட்டம் விதித்த கடமையை அவருக்கு நினைவூட்டுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஹெல்மட் போடவில்லை என்றால்?

“எங்கள் பிள்ளையிலும் பிழை இருக்கிறது, அதனால் பேசாமல் விட்டோம்” என்று சொல்லும் பெற்றோர் உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலும் தவறு இருந்தால் அந்தத் தவறின் அளவுக்கு நட்டஈடு குறைக்கப்படும். அதற்காகக் கோரிக்கை முழுவதும் இல்லாமல் போய்விடாது. நூறில் முப்பது பங்கு தவறு உங்களுடையது என்றால் மீதி எழுபது பங்கைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் முதல் வாக்குமூலத்திலேயே பதற்றத்தில் “பிழை எங்களுடையதுதான்” என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதைப் பிறகு மாற்றுவது கடினம்.

வாக்குமூலம் என்றதும் மொழிப் பிரச்சினை வருகிறது. பொலிஸ் நிலையத்தில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். முடியாது என்றால், எழுதியதை வாசித்து விளக்கக் கேளுங்கள். விளங்காத ஒன்றின் கீழ் கையெழுத்திடாதீர்கள். ஊரில் இரு மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

இத்தாவும் இரண்டு வருடங்களும்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடங்களுக்குள் தொடர வேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடப்பட்டுவிடும்.

நமது சமூகத்தில் இந்த இரண்டு வருடங்கள் எப்படிக் கரைகின்றன என்று பாருங்கள். கணவன் மௌத்தானதும் மனைவி நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தாவில் இருப்பார். அந்த நாட்களில் எல்லாவற்றையும் சகோதரர்களோ மாமனாரோ பார்த்துக்கொள்வார்கள். ‘பேசி முடித்தல்’ நடப்பதும் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான். இத்தா முடிந்து அவர் வெளியே வரும்போது மீதமிருப்பது 20 மாதங்களுக்கும் குறைவு. இதற்கிடையில் நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிரான வழக்கு தவணைக்கு மேல் தவணையாகப் போகும். “வழக்கு நடக்கிறதுதானே” என்று குடும்பம் காத்திருக்கும். ஒருநாள் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போவார். அந்தத் தண்டம் அரசுக்குரியது. குற்றவாளியெனக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி நீதவானுக்கு உண்டு. ஆனால் அது சிவில் நட்டஈட்டுக்கு ஈடாகாது. நீதவான் நீதிமன்ற வழக்கு நடப்பதால் இரண்டு வருடக் காலம் நின்றுவிடுவதும் இல்லை.

சட்டத்தரணியொருவர் வீட்டுக்கு வந்து பத்திரங்களில் கையெழுத்து வாங்கிச் செல்ல இத்தா தடையல்ல. அவசியத் தேவைக்காக வெளியே செல்வதற்கு மார்க்கத்தில் உள்ள இடத்தை உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம். குறைந்தபட்சம், அந்தப் பெண்ணைக் கேட்காமல் யாரும் எந்த உடன்பாட்டுக்கும் போகக் கூடாது.

ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்ற நமது அவசரமும் இதில் சேர்கிறது. விபத்து மரணத்தில் திடீர் மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் நடக்கும். அவற்றை விரைவுபடுத்தக் கேட்பது நியாயமானது. வைத்தியசாலையில் சில வாரங்கள் இருந்து, காயத்தில் கிருமி தொற்றி இறந்த ஒருவரின் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. விபத்தில் ஏற்பட்ட காயமே மரணத்துக்குக் காரணம் என்று அந்த அறிக்கை சொன்னால்தான் நாளை வழக்கு நிற்கும். “விபத்தைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், மையித்தைத் தந்தால் போதும்” என்று சொல்லிவிட்டு வருவது அந்தப் பிள்ளைகளின் கையிலுள்ள ஆதாரத்தையும் சேர்த்து அடக்கம் செய்வதாகும்.

நிக்காஹ் பதிவும் அவ்வாறே. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படாததால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லுபடியற்றதாகிவிடாது. ஆனால் பதிவில்லாத மனைவி, தான் மனைவி என்பதை நிரூபிக்க அலைய வேண்டும். தோட்டப்புறங்களில் பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதும் சாதாரணம். விபத்துக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டியவை இவை.

மார்க்கம் தடையா?

கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் கத்ரை அனுப்பிய அதே இறைவன்தான், தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றவர் அவரது குடும்பத்துக்குத் தியத் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தான். அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் அதைப் பேசுகிறது. குடும்பத்தார் விட்டுக்கொடுக்கலாம் என்ற அனுமதியும் அங்கேயே இருக்கிறது. மன்னிக்கும் உரிமை குடும்பத்தாருடையது, ஊராருடையதல்ல. தனக்கு என்ன சேர வேண்டும் என்பதை அறியாத ஒருவர் எதை மன்னிக்கிறார்? சிறு பிள்ளைகள் இருந்தால் யதீம்களின் பங்கை மற்றவர்கள் தாராள மனதுடன் விட்டுக்கொடுக்க முடியுமா என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுப் பாருங்கள்.

காப்புறுதிப் பணம் வாங்கலாமா என்ற தயக்கமும் பலரிடம் இருக்கிறது. ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இங்கே நீங்கள் காப்புறுதி எடுத்தவர் அல்ல. உங்களுக்குத் தீங்கிழைத்தவர் தர வேண்டியதைக் கேட்கிறீர்கள். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லி உலமாக்களிடம் கேளுங்கள்.

நம்மவர் மோதினால்?

இதுவரை பாதிக்கப்பட்டவர்களாகவே நம்மைப் பார்த்தோம். மறுபக்கமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத நம் பையன் ஓட்டிய மோட்டார் சைக்கிள், காலையில் கொழுந்து பறிக்கப் போன தோட்டத்துப் பெண்ணை மோதிவிடுகிறது. கால் முறிந்து பதுளை போதனா வைத்தியசாலையில் கிடக்கிறார். ஊரிலிருந்து நான்கு பேர் போய், பழங்களும் இருபதாயிரம் ரூபாவும் கொடுத்து, “வழக்கு வேண்டாம் அக்கா, பையனின் படிப்புக் கெட்டுவிடும்” என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் அவரால் மலையேறி வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வேறு மதத்தவர் என்பதாலும் கேட்க ஆளில்லாதவர்கள் என்பதாலும் அந்தக் கடன் குறைந்துவிடாது. நமக்கு அநீதி நடந்தால் சட்டம் பேசுவதும், நம்மால் அநீதி நடந்தால் சமாதானம் பேசுவதும் நீதியாகாது. சமரசத்துக்கு மஸ்ஜித் நிர்வாகிகள் போனால், “கையெழுத்திடும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்” என்று எதிர்த் தரப்பிடமும் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

செய்யக்கூடியவை

விபத்து நடந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் பெறுங்கள், 119க்கு அறிவியுங்கள். வாகனங்களை அகற்றும் முன் படமெடுங்கள். நேரில் கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் பொலிஸில் பதியாமல் வராதீர்கள். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் அட்டை, மருந்துப் பற்றுச்சீட்டு, வாகனக் கூலிக் கணக்கு, சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். நாட்கூலிக்காரருக்கு வருமானத்தை நிரூபிப்பதுதான் கடினம். தொழில்தருநரிடம் கடிதம் ஒன்றை ஆரம்பத்திலேயே பெறுவது நல்லது. பாடசாலைப் பிள்ளை காயமடைந்தால் ‘சுரக்ஷா’ மாணவர் காப்புறுதி பற்றி அதிபரிடம் கேளுங்கள்.

வழக்குச் செலவுக்கு வழியில்லாதோருக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பதுளையிலும் அதன் நிலையம் உண்டு. கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழுடன் போகலாம்.

இதில் மஸ்ஜித்களின் பங்கு பெரியது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, குருத்தலாவை, பசறை, லுணுகலை என்று நமது ஊர்களில் ஜனாஸா சங்கங்கள் சிறப்பாக இயங்குகின்றன. கபன் முதல் கப்ர் வரை அவை பார்த்துக்கொள்கின்றன. விபத்து மௌத் ஒவ்வொன்றிலும் இன்னொரு பொறுப்பையும் ஏற்க ஒருவரை அந்தச் சங்கங்கள் நியமிக்கலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, விசாரணை அறிக்கை, காப்புறுதி விபரம் ஆகியவற்றைச் சேகரித்து, நாற்பது நாட்களுக்குள் குடும்பத்தைச் சட்டத்தரணியொருவரிடம் அழைத்துச் செல்வது அவருடைய வேலை. வருடத்துக்கு ஒருமுறை சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலர்களை அழைத்து, தோட்டத்து அயலவர்களையும் சேர்த்து ஒரு கூட்டம் நடத்தலாம்.

விபத்து நட்டஈட்டுக்குத் தனியான, விரைவான தீர்ப்பாயம் வேண்டும் என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அது வரும் வரை, இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்துவதே வழி. வசூல் செய்து கொடுக்கும் ஸதகாவை விட, அந்த யதீம்களுக்குச் சட்டப்படி உரிய பணத்தைப் பெற்றுக் கொடுப்பது அவர்களை நீண்ட காலம் தாங்கும். அதற்கான காலம் இரண்டு வருடங்கள்தான். ஜனாஸா அடக்கப்பட்ட நாளுக்கு முன்பே, விபத்து நடந்த அந்த நேரத்திலேயே அது எண்ணப்படத் தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு செயற்படுங்கள்.